'ஆட்டோ' மோடில் இருக்கும் ஜெனரேட்டர்: தானாக ஓடுவதும், தன் இன்ஜினைத் தானே காப்பதும் எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சின்ன மருத்துவமனையிலோ டீசல் ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். கரண்ட் போனால் தானாக ஓடும், வந்தால் தானாக நிற்கும், கோளாறு என்றால் தானே அணைந்துகொள்ளும் என்று விற்றவர் சொல்லியிருப்பார். மூன்றும் உண்மைதான். ஆனால் அவற்றைச் செய்வது பேனலுக்குள் இருக்கும் ஒரு கன்ட்ரோலரும், இன்ஜின் மேல் முடுக்கியிருக்கும் நாலைந்து சென்சார்களும், நடுவில் ஓடும் மெல்லிய ஒயர்களும்தான். அதில் ஒரு ஒயர் அறுந்தாலும் ஜெனரேட்டர் வழக்கம்போல ஓடும். காவல் போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் எது எப்போது என்ன செய்கிறது என்பதை வரிசையாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்கு நம் ஊர் குடியிருப்புகளில் சாதாரணமாகப் பார்க்கும் 62.5 கேவிஏ, 3 ஃபேஸ் செட்டை எடுத்துக்கொள்வோம். 0.8 பவர் ஃபேக்டரில் 50 கிலோவாட். 415 வோல்ட்டில் முழு லோடு என்றால் ஃபேஸுக்கு சுமார் 87 ஆம்பியர். நாலு போல் ஆல்டர்னேட்டர் என்பதால் 1500 ஆர்பிஎம் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். இந்த 1500 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 1: இபி போனது என்று முடிவு செய்வது

ஏஎம்எஃப் (ஆட்டோ மெயின்ஸ் ஃபெயிலியர்) பேனல், அதாவது கரண்ட் போனதைக் கண்டு ஜெனரேட்டரைத் தானாக ஓட்டும் பேனலில் உள்ள கன்ட்ரோலர் மின்வாரிய சப்ளையின் மூன்று ஃபேஸையும் எந்நேரமும் அளந்துகொண்டே இருக்கிறது. சப்ளை அடியோடு போனால்தான் அது விழிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஃபேஸ் மட்டும் போனாலும், வோல்டேஜ் வரம்புக்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும், ஃபேஸ் வரிசை மாறினாலும் அதற்கு இபி சரியில்லை என்றுதான் அர்த்தம். மழைக்காலத்தில் ஒரு ஃபேஸ் போய், பாதி வீட்டில் விளக்கு எரியும்போது ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால் அது கோளாறு அல்ல. லிப்ட் மோட்டாரும் தண்ணீர் மோட்டாரும் இரண்டு ஃபேஸில் ஓடி எரிந்து போகாமல் காப்பதற்காக அப்படிச் செய்கிறது.

சப்ளை போன உடனே கிராங்க் அடிக்காது, அதாவது செல்ஃப் மோட்டாரால் இன்ஜினைச் சுற்றிவிடாது. சில விநாடி பொறுக்கும். லைனில் ஒரு கண்சிமிட்டல் வந்து போவது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. அதற்கெல்லாம் இன்ஜினை எழுப்பினால் பாட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பெரும்பாலான இடங்களுக்கு 3 முதல் 5 விநாடி போதும்.

படி 2: கிராங்க், மறுபடி கிராங்க், பிறகு பூட்டு

காத்திருக்கும் நேரம் முடிந்ததும் கன்ட்ரோலர் முதலில் டீசல் சாலினாய்டுக்கு (டீசல் வழியைத் திறக்கும் மின் வால்வு) கரண்ட் கொடுக்கிறது, அடுத்து செல்ஃப் மோட்டாருக்கு. ஒரு தடவைக்குச் சுமார் 10 விநாடி கிராங்க். பிடிக்கவில்லை என்றால் 10 விநாடி ஓய்வு. மறுபடி கிராங்க். பொதுவாக மூன்று முயற்சி. மூன்றிலும் பிடிக்காவிட்டால் 'ஸ்டார்ட் ஃபெயில்' என்று அலாரம் போட்டு நிறுத்திக்கொள்ளும்.

அந்த ஓய்வு நேரத்தைக் குறைக்கச் சொல்லி சிலர் மெக்கானிக்கிடம் கேட்பதுண்டு. கேட்காதீர்கள். கிராங்க் அடிக்கும்போது செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கிறது. நடுவில் சூடு தணிய வழி இல்லாவிட்டால் அதன் வைண்டிங் கருகும். பாட்டரியும் அந்தப் பத்து விநாடியில்தான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது.

இன்ஜின் பிடித்ததும் செல்ஃபை உடனே விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் அதைத் தன்னோடு இழுத்துச் சுற்றி உடைத்துவிடும். இதற்கு கன்ட்ரோலர் ஒரே ஒரு அடையாளத்தை நம்பியிருப்பதில்லை. ஆல்டர்னேட்டரில் ஹெர்ட்ஸ் ஏறுகிறதா, ஆயில் பிரஷர் வந்ததா, பாட்டரி சார்ஜ் செய்யும் சின்ன ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் கொடுக்கிறதா, ஃப்ளைவீல் பல்லை எண்ணும் பிக்கப் இருந்தால் அது என்ன சொல்கிறது என்று பார்த்து, எது முதலில் வந்தாலும் செல்ஃபைத் துண்டிக்கும்.

படி 3: காவலர்கள் விழிக்கும் நேரம்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் ஆயில் பிரஷர் பூஜ்யம். அப்படியானால் ஸ்டார்ட் செய்யும் நொடியிலேயே 'பிரஷர் இல்லை' என்று கன்ட்ரோலர் அணைத்துவிட வேண்டுமே? அணைக்காமல் இருக்க, இன்ஜின் பிடித்ததிலிருந்து சுமார் 10 விநாடிக்கு ஆயில் பிரஷர், குறைந்த வேகம், குறைந்த வோல்டேஜ் போன்ற சில காவல்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவைக்கிறது. அதற்குப் பிறகுதான் அவை உயிர்பெறும். அதிவேகத்துக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை முதல் நொடியிலிருந்தே விழித்திருக்கும்.

ஜெனரேட்டர் ஓடி, சரியாகப் பத்துப் பதினைந்து விநாடியில் தானாக நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். காவல் விழித்த கணத்தில் ஆயில் பிரஷர் சிக்னல் சரியாக இல்லை. எத்தனை விநாடியில் நின்றது என்று கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 4: லோடு மாறுவது

வோல்டேஜும் ஹெர்ட்ஸும் நிலைக்கு வந்ததும், இன்ஜினுக்குச் சில விநாடி சூடேற விட்டு, இபி காண்டாக்டரை (மின்சாரத்தால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) திறந்து, ஜெனரேட்டர் காண்டாக்டரை மூடுகிறது. அமெரிக்காவின் தீ பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வகுத்த 110-ஆம் எண் தரப்படி, உயிர்காக்கும் லோடுகளுக்கு மின்சாரம் 10 விநாடிக்குள் திரும்ப வேண்டும். குடியிருப்புக்கு அந்த அவசரம் இல்லை. 15, 20 விநாடி ஆனால் ஆகட்டும்.

இந்த இரண்டு காண்டாக்டர்களுக்கும் நடுவே மின் இன்டர்லாக் மட்டுமல்லாமல், ஒன்று மூடியிருக்கும்போது இன்னொன்றை மூடவிடாத இரும்புக் கம்பி இன்டர்லாக்கும் இருக்கிறதா என்று பேனலைத் திறக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது இல்லாமல் இரண்டும் சேர்ந்து மூடினால் உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கிப் போகும். அங்கே அது 11,000 வோல்ட்டாக ஏறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறியவர் அதில் கை வைப்பார். இந்த ஒரு விஷயத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்பதே கூடாது.

லோடு ஏறும்போது இரண்டு லிப்டும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் தன் வழக்கமான கரண்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். இன்ஜின் ஒரு கணம் திணறி, ஹெர்ட்ஸ் இறங்கி, கன்ட்ரோலர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மோட்டாருக்கும் சில விநாடி இடைவெளியில் டைமர் வைத்தால் தீர்ந்தது. பெரிய செட் வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.

படி 5: கரண்ட் வந்த பிறகு

இபி திரும்பியதும் உடனே மாறாது. வந்த சப்ளை நிலைக்கிறதா என்று சில நிமிடம் பார்க்கும். பிறகு லோடை இபிக்கு மாற்றிவிட்டு, இன்ஜினை லோடு இல்லாமல் 3 முதல் 5 நிமிடம் ஓடவிடும். 'கரண்ட்தான் வந்துவிட்டதே, டீசல் ஏன் வீணாகிறது?' என்று செயற்குழுவில் கேட்காத குடியிருப்பு இருக்காது.

அது வீண் இல்லை. டர்போ உள்ள இன்ஜினில், எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தள்ளும் அதன் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டும். அதன் பேரிங்கில் ஓடும் ஆயில்தான் அதற்குக் குளிர்ச்சியும் வழுக்கலும். முழு லோடிலிருந்து சட்டென்று நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, எக்ஸாஸ்ட் சூட்டில் பேரிங்குக்குள் இருக்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும். சிலிண்டர் ஹெட்டும் சீராகக் குளிராமல் வளைய வாய்ப்புண்டு. சாவியைத் திருப்பி உடனே அணைக்கும் வாட்ச்மேனுக்கு இதை ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்ஜினைக் காக்கும் சென்சார்கள்

கோளாறுகளை கன்ட்ரோலர் மூன்று விதமாகக் கையாளுகிறது. முதலாவது, எச்சரிக்கை: விளக்கு எரியும், ஹூட்டர் கத்தும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் குறைவு, பாட்டரி வோல்டேஜ் குறைவு இந்த வகை. இரண்டாவது, மின் டிரிப்: ஓவர்லோடு போன்றவற்றுக்கு லோடை மட்டும் கழற்றிவிட்டு, இன்ஜினைக் குளிரவைத்து நிறுத்தும். மூன்றாவது, ஷட்டவுன்: குளிரவைக்கும் நேரம்கூடக் கொடுக்காமல் உடனே நிறுத்தும். ஆயில், சூடு, அதிவேகம் மூன்றும் பொதுவாக இந்த வகைதான்.

ஆயில் பிரஷர் காவலை மெக்கானிக்குகள் எல்எல்ஓபி என்பார்கள். பல செட்களில் 1 பார் அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தும். கிராங்க்ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் தாங்குவது ஆயில் படலம்தான். அது போனால் பேரிங் உலோகம் உருகி ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. இன்ஜின் அதோடு முடிந்தது. அதனால் இரவு பதினொரு மணிக்கு வாட்ச்மேன் போன் செய்து, "சார், ஓடிக்கிட்டே இருந்து நின்னுடுச்சு, எல்எல்ஓபின்னு காட்டுது. ரீசெட் பண்ணிப் போடவா?" என்று கேட்டால், பதில் ஒன்றுதான்: வேண்டாம். முதலில் டிப்ஸ்டிக் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் மெக்கானிக் வந்து தனி கேஜ் மாட்டிப் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது. ரீசெட் பட்டன் கோளாறை அழிப்பதில்லை, திரையில் இருக்கும் எழுத்தைத்தான் அழிக்கிறது.

அடுத்து எச்டபிள்யூடி என்று சொல்லப்படும் தண்ணீர்ச் சூடு. இன்ஜினைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரிக்குள் ஏதோ ஓரளவில் வைத்திருப்பார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அது குறைவான சூட்டைக் காட்டும். இதற்காகவே ரேடியேட்டரில் தனியாகக் கூலன்ட் லெவல் ஸ்விட்ச் வைக்கிறார்கள். உங்கள் செட்டில் அது இல்லை என்றால் போட்டுவிடுங்கள்.

மே மாத வெயிலில் மட்டும் சூட்டில் நிற்கும் செட்களுக்கு இன்ஜினில் குறை தேடுவதற்கு முன் கூண்டைச் சுற்றிப் பாருங்கள். ரேடியேட்டர் தள்ளும் அனல் காற்று எதிரில் உள்ள சுவரில் மோதி, மறுபடி உள்ளே இழுக்கும் ஜன்னலுக்கே வந்தால் எந்தக் கூலன்ட்டும் உதவாது.

அதிவேகக் காவல் 1500-ஐவிட சுமார் 15 சதவீதம் கூடும்போது, அதாவது 1725 ஆர்பிஎம், 57.5 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தும். டீசல் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் சிக்கிக்கொண்டால் டீசல் இன்ஜின் தன்னைத்தானே சிதறடிக்கும் வேகத்துக்குப் போகும். அபூர்வமாக, டர்போ சீல் போய் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடும் இன்ஜினும் உண்டு. அதற்கு டீசலை அடைத்துப் பயனில்லை. காற்றை அடைக்கும் வால்வுதான் ஒரே வழி. பெரிய செட்களில் அதைப் பார்க்கலாம்.

ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜிங் ஃபெயில் என்று முதலில் காட்டும், சூடு அதற்குப் பிறகுதான் ஏறும். பல செட்களில் தண்ணீர் பம்பையும் சார்ஜிங் ஆல்டர்னேட்டரையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. சார்ஜிங் விளக்கைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

இன்ஜினா, லோடா? எதைக் காப்பது?

இந்தக் காவல்கள் எல்லாம் 'இன்ஜின் முக்கியம், லோடு காத்திருக்கலாம்' என்ற முடிவின் மேல் நிற்கின்றன. குடியிருப்பில் அது சரி. தீயணைப்பு பம்ப்பை ஓட்டும் டீசல் இன்ஜினில் அப்படியே தலைகீழ். என்எஃப்பிஏ 20 தரப்படி, ஆட்டோவில் ஓட ஆரம்பித்த பிறகு ஆயில் பிரஷர் போனாலும் சூடு ஏறினாலும் அலாரம் மட்டும்தான் அடிக்கும், இன்ஜின் நிற்காது. அதிவேகத்துக்கு மட்டும் நிற்கும். கட்டடம் எரியும்போது இன்ஜின் போனால் போகட்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. அணு உலைகளின் அவசர ஜெனரேட்டர்களிலும் விபத்து சிக்னல் வந்தால் பெரும்பாலான காவல்கள் ஒதுக்கப்பட்டுவிடும்.

மருத்துவமனையில் இந்த முடிவை யோசித்து எடுக்க வேண்டும். என் கருத்து: ஒரே ஒரு செட் வைத்து அதன் காவலைக் கழற்றுவது தவறு. ஐசியூவுக்குத் தனி யுபிஎஸ், இரண்டாவது ஒரு செட் என்று வைத்துவிட்டு, காவலை அப்படியே விடுவதுதான் முறை. பேரிங் ஒட்டிப்போன இன்ஜின் நோயாளிக்கும் உதவாது.

சோதிப்பது எப்படி?

முதலில் பாதுகாப்பு. ஆட்டோவில் இருக்கும் இன்ஜின் எந்த நொடியிலும் சுற்ற ஆரம்பிக்கும். பெல்ட் பக்கம் கை வைப்பதற்கு முன் ஸ்விட்சை ஆஃப்பில் வைத்து, பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. சோதனை ஓட்டத்தின்போது எக்ஸாஸ்ட் புகை வெளியே போகிறதா என்றும் பாருங்கள்.

சாவியை ஆன் செய்து இன்ஜின் நிற்கும்போதே பேனலைப் பாருங்கள். ஸ்விட்ச் வகை ஆயில் சென்சார் உள்ள பழைய செட்டில், பிரஷர் பூஜ்யம் என்பதால் எல்எல்ஓபி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது ஒயர் அறுந்திருக்கலாம். ஒயர் அறுந்த செட்டில் ஆயில் முழுக்க வடிந்தாலும் இன்ஜின் நிற்காது. எலி கடித்த ஒயர்களை நம் ஊர்க் கூண்டுகளுக்குள் தேட வேண்டியதே இல்லை, கண்ணில் படும்.

சூட்டு ஸ்விட்சுக்கு இந்த வசதி இல்லை. அது சாதாரணமாகத் திறந்தே இருக்கும், சூடானால்தான் மூடும். ஒயர் அறுந்திருந்தாலும் திறந்த மாதிரியேதான் தெரியும். அதனால் லோடு இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, மெக்கானிக்கை அந்த ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொடச் சொல்லுங்கள். இன்ஜின் உடனே நிற்க வேண்டும். ஆயில் ஸ்விட்ச் ஒயருக்கும் அதே சோதனை. கூலன்ட் லெவலுக்கும் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ் மாசு விதிப்படி வந்த புதிய செட்களில் இப்படிச் செய்யவே கூடாது. அவற்றில் சென்சார்கள் இன்ஜினை நடத்தும் சின்னக் கணினியான ஈசியுவுக்குப் போகின்றன. ஒயரைப் பாடியில் தொட்டால் சென்சாரோ ஈசியுவோ பழுதாகலாம். அங்கே சர்வீஸ் இன்ஜினியர் லேப்டாப் இணைத்துச் செய்யும் சோதனைதான் சரி. செய்ததற்கான பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை இபி மெயினை அணைத்து, உண்மையான லோடில் 30 நிமிடம் ஓட்டுங்கள். லோடு குறைந்தது 30 சதவீதம் இருக்கட்டும், நம் உதாரணத்தில் 15 கிலோவாட். படிக்கட்டு விளக்கை மட்டும் ஏற்றி மணிக்கணக்கில் ஓட்டும் இன்ஜினில் டீசல் முழுக்க எரியாமல் எக்ஸாஸ்டில் கருப்பு எண்ணெயாக வழியும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். வாரா வாரம் ஐந்து நிமிடம் லோடில்லாமல் ஓட்டி அணைப்பதை மட்டும் பராமரிப்பு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த கன்ட்ரோலரும் காக்க முடியாதவை

பாட்டரிதான் முதல் எதிரி. நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும் பாட்டரி கிராங்க்கில் விழுந்துவிடலாம். அதனால் கிராங்க் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 12 வோல்ட் பாட்டரி 9-க்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இபியில் ஓடும் சின்ன சார்ஜர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அது நின்றுபோனால் கன்ட்ரோலரே பாட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்துவிடும்.

சர்வீஸ் முடித்தவர் ஸ்விட்சை மேனுவலில் விட்டுவிட்டுப் போவதும், டீசல் குழாயைத் திறக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. சர்வீஸ் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இபியை அணைத்து, செட் தானாக எழுந்து லோடு எடுப்பதைக் கண்ணால் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

வெள்ளம் இன்னொன்று. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ தரைக்கீழ்த் தளங்கள் மூழ்கின. ஜெனரேட்டரை மேடையில் ஏற்றினால் போதும் என்று அதன் பிறகு பலர் செய்தார்கள். பேனல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில், காற்றால் குளிரும் சில ஜெனரேட்டர்கள் தரைத்தளத்தில் இருந்ததால் சுனாமித் தண்ணீரில் மூழ்காமல் தப்பின. ஆனால் அவற்றில் இரண்டின் மின்சாரத்தை உலைகளுக்கு எடுத்துச் செல்லும் ஸ்விட்ச்கியர் (ஸ்விட்சுகளும் பிரேக்கர்களும் உள்ள பேனல்கள்) அடித்தளத்தில் மூழ்கிப்போனது. 6-ஆம் உலையின் ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும்தான் கடைசிவரை மின்சாரம் கொடுத்தது. அதுதான் 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றியது. உங்கள் கட்டடத்தில் ஏஎம்எஃப் பேனல், பாட்டரி சார்ஜர், டீசல் டேங்க்கின் காற்றுக்குழாய், கேபிள் இறங்கும் குழி ஆகிய நான்கின் உயரத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

அளந்ததை பேனல் கதவின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அதே தாளில் ஒவ்வொரு காவலும் எந்த அளவில் நிறுத்தும், கடைசியாக எந்தத் தேதியில் யார் சோதித்தார், கிராங்க்கில் பாட்டரி எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். செயலாளர் மாறினாலும் வாட்ச்மேன் மாறினாலும், அடுத்து வரும் மெக்கானிக் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.